தறிக்காரர் பல்

ஆரணிப் பட்டின் அழகைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. கமண்டல நாகநதிக் கரையில் உள்ள அந்த ஊரை மராத்திய ஜாகீர்தார்கள் ஆண்ட கதையும், 1751-இல் ராபர்ட் கிளைவ் அங்கே போர் புரிந்த கதையும் சரித்திரப் புத்தகங்களில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பட்டை நெய்தவர் காலையில் எதைக் கொண்டு பல் துலக்கினார், பல் வலித்தால் எங்கே போனார் என்று சரித்திரம் விசாரிப்பதில்லை. பல்லுக்குக் கூடவா சரித்திரம் என்று வாசகர்கள் சிரிக்கலாம். பல்வலி வந்த இரவை ஒருமுறை நினைத்துக் கொண்டால் சிரிப்பு அடங்கிவிடும்.

ஒரு காலத்தில் பல் துலக்குவதற்குக் காசே வேண்டியிருக்கவில்லை. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ஆசாரக்கோவை, குச்சியால் பல் துலக்குவதை நல்லொழுக்கத்தோடு சேர்த்தே சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீன யாத்திரிகர் இத்சிங், இங்குள்ள பிக்குகள் தினமும் காலையில் குச்சி மெல்லுவதைக் கண்டு, அந்தக் குச்சியின் நீளம் எட்டு விரற்கடைக்குக் குறையாமலும் பன்னிரண்டுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்றுகூடக் குறித்து வைத்தார். ஆலையும் வேலையும் பல்லுக்குத் துணையாகச் சொல்லும் பழமொழி நம் பாட்டிமார்களின் நாவில் இருந்தது. குச்சியை மென்று தூரிகையாக்கித் தேய்த்தால் பல்லில் படியும் அழுக்குப் போகும் என்பதை இன்றைய வைத்தியர்களும் மறுப்பதில்லை.

இந்தச் சிக்கனத்தின் எல்லையைக் கண்டவர் காந்தியடிகள். 1930-இல் எரவாடா சிறையில் அவரோடு இருந்த காகா காலேல்கர், காந்தியடிகளுக்குத் தினம் ஒரு வேப்பங்குச்சி ஒடித்துத் தருவார். துலக்கி முடிந்ததும் நைந்த நுனியை மட்டும் நறுக்கிவிட்டு, மறுநாள் அதே குச்சியை உபயோகிக்கலாமே என்றார் காந்தியடிகள். சிறையில் குச்சிக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் பிடிக்க முடியாத அளவு குட்டையாகும் வரை அதைத் தூக்கி எறியக் கூடாது என்பது அவர் கட்சி.

ஆனால் குச்சிக்கு மரம் வேண்டும். மரம் இருக்கும் இடத்துக்குப் போய்வரப் பொழுதும் வேண்டும். நெசவாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. முடித்துக் கொடுத்த சேலைக்குத்தான் கூலி. குழித்தறியில் காலை இறக்கிவிட்டால் நாடா ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் காசு. அப்படிப்பட்ட வீட்டில் கைக்கு எட்டியதே பல்பொடி: அடுப்புச் சாம்பல், கரி, உப்பு, செங்கல் தூள். பல் பளிச்சென்று ஆனது. கூடவே அதன் மேற்பூச்சும் தேய்ந்தது. போதாக்குறைக்கு நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கம் வேறு. நூலோடு பழகுகிறவர்களின் முன்பல்லில் சிறு வெட்டு விழுவதைப் பல் வைத்தியர்கள் நன்றாக அறிவார்கள்.

பிறகு கடைப் பொடிகள் வந்தன. 1913-இல் மைசூர் சீமையில் தொடங்கிய நஞ்சன்கூடு சத்வைத்யசாலையின் பல்பொடி தமிழ்நாட்டு வீடுகளிலும் புகுந்தது. 1937-இல் கோல்கேட் கம்பெனி இந்தியாவில் கால் ஊன்றியது. பன்றி மயிரால் செய்த பிரஷ்ஷை வாயில் வைக்கக் கூசியவர்களுக்கும், 1938-இல் அமெரிக்காவில் பிறந்த நைலான் பிரஷ் பின்னால் வழி செய்தது. ஆனால் பல்பொடிப் பொட்டலம் தொங்கிய அதே பெட்டிக்கடைக்குத்தான் சர்க்கரை மிட்டாயும் வந்தது. பொட்டலத்தால் வந்த நன்மையை மிட்டாய் வாங்கிக்கொண்டு போயிற்று. சில பொடிகளில் புகையிலையே கலந்திருந்தது; 1992-இல்தான் அரசாங்கம் அதைத் தடுத்தது.

பல் கெட்டால் என்ன வழி? சந்தையில் பல் பிடுங்குகிறவர் இருந்தார், நாவிதர் இருந்தார். டாக்டர் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1920-இல். பல் மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1948-இல் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் பிரிவு தொடங்கியதோ 1953-இல். சென்னைக்குப் போவது கிடக்கட்டும். ஆரணியிலிருந்து வேலூருக்குப் போய்வந்தாலே ஒரு நாள் தறி நின்றுவிடும். பல்லைக் காப்பாற்றப் பல தடவை போக வேண்டும். பிடுங்க ஒரு தடவை போதும். ஏழை பல்லைப் பிடுங்கிக்கொண்டது அறியாமையால் அன்று. அவர் போட்ட கணக்கு சரியான கணக்கு. கணக்குச் சரியாக இருந்தும் நாற்பது வயதில் முறுக்குக் கடிக்க முடியாமல் போயிற்றே என்பதுதான் துக்கம்.

அந்தக் கணக்கை மாற்றக்கூடியது ஃப்ளூரைடு என்ற உப்பு. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இதற்கு நன்றாகப் பொருந்தும். குடிநீரில் அது மிகுந்தால் பல்லில் கறை ஏறும், எலும்பும் வளையும். 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் இந்த நோயைக் கண்டு எழுதினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களை அதிலிருந்து மீட்கவே 2013-இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டது. ஆனால் பற்பசையில் சிறிதளவு இருக்கும் அதே உப்பு பல் சொத்தையைத் தடுக்கிறது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. கிராம்பும் கரியும் படம் போட்ட விலையுயர்ந்த குழாய் வேண்டியதில்லை. ஃப்ளூரைடு உள்ள மலிவான பசை, பட்டாணி அளவு, காலையிலும் படுக்கப் போகுமுன்னும் போதும். சிறு குழந்தைக்கு அரிசி மணி அளவு. குச்சியை விட மனமில்லாதவர்கள் அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி அப்போதே தறியை நிறுத்திப் பிணைத்துவிடுகிறார். சேலை முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. கடுகளவு சொத்தையையும் கண்டவுடன் அடைத்துவிட வேண்டும் என்பதை அவருக்கு யாரும் உபதேசிக்க வேண்டாம். அடைக்கப் போகிற அன்றைக்கு அரை நாள் கூலி போகாதபடி, வைத்தியர் அவர் தெருவுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.