சென்னைக் குடிநீர் வழங்கல்

வற்றாத ஆறு ஏதும் பாயாத கடலோர நகரம் சென்னை. கூவமும் அடையாறும் மழைக்காலத்தில்தான் உயிர்பெறும். ஆனாலும் இது மழை குறைந்த ஊரன்று. ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது; இந்தியச் சராசரியைவிட இது அதிகம். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள், சில நாள்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழையைத் தேக்கி ஆண்டு முழுவதும் பயன்படுத்தவே தொண்டை மண்டலத்தார் ஏரிகளைச் சங்கிலியாக வெட்டினர். ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும். இந்த ஏற்பாடு குலைந்த கதையும், நகரம் மேலும் மேலும் தொலைவில் தண்ணீர் தேடிப் போன கதையும் ஒன்றே.

கிழக்கிந்தியக் கம்பெனி 1772இல் வடசென்னையில் கிணறுகள் தோண்டிக் கோட்டைக்கு நீர் கொண்டுசென்றது. ஏழு கிணறு என்ற பெயர் அப்பகுதிக்கு இன்றும் நிலைத்திருக்கிறது. நகரத்துக்கான முதல் முறையான திட்டம் 1872இல் வந்தது. செங்குன்றம் ஏரியிலிருந்து திறந்த மண் கால்வாய் வழியே நீர் கீழ்ப்பாக்கத்தை அடைந்தது. வடிகட்டாத நீர்தான். 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் நீரேற்று நிலையமும் அமைந்த பின்னரே அந்நிலை மாறியது. அப்பணிகளை வகுத்த பொறியாளர் மேட்லியின் பெயரைத் தியாகராய நகரில் ஒரு சாலை தாங்கி நிற்கிறது. அந்தத் தியாகராய நகரே 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுப்பப்பட்டது.

கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் முடிவடைந்தது. மேயராக இருந்தபோது அதற்காக உழைத்த சத்தியமூர்த்தி, அது நிரம்புவதைக் காணாமல் 1943இலேயே காலமானார். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் சேர்ந்து சுமார் 11 டி.எம்.சி. கொள்ளும். எல்லாமே ஒரே பருவமழையை நம்பியவை. அது பொய்த்தால் நான்கும் ஒன்றாகவே வற்றும்.

நகரம் பெருகப் பெருக ஏரிகள் வீட்டுமனைகளாயின. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. முகப்பேரில் அரசின் வீட்டுவசதித் திட்டமே ஏரித் திட்டம் என்றுதான் அழைக்கப்படுகிறது. ஆக்கிரமிப்பு என்று ஏழைகளின் குடிசைகளை மட்டும் சுட்டுவது நேர்மையாகாது; ஏரிகளை நிரவியதில் அரசின் பங்கு மிகப் பெரிது.

உள்ளூர் நீர் போதாதபோது வெளியூர் நீர் தேடப்பட்டது. கடலூர் மாவட்டத்தின் சோழர் கால வீராண ஏரியிலிருந்து நீர் கொண்டுவர 1967க்குப் பின் முயன்ற முதல் வீராணம் திட்டம் கைவிடப்பட்டது. அதற்காக இறக்கிய ராட்சதக் குழாய்கள் சாலையோரம் கிடந்தன. வீடற்றோர் அவற்றுக்குள் குடியிருந்தனர். 1978இல் சென்னைக் குடிநீர் வாரியம் உருவானது. 1983இல் தமிழக முதல்வர் எம்.ஜி.ஆரும் ஆந்திர முதல்வர் என்.டி.ராமாராவும் தெலுங்கு கங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அதன்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் தமிழக எல்லைக்கு வரவேண்டும். முதல் நீர் வந்ததோ 1996இல். அதன் பிறகும் பல ஆண்டுகளில் பாதிகூட வரவில்லை, ஏனெனில் வழியிலுள்ள ராயலசீமையே வறண்ட நிலம். காவிரி நீரால் நிரம்பும் அதே வீராண ஏரியிலிருந்து 2004இல் சென்னைக்குக் குழாய் போடப்பட்டபோது, நகரின் தாகம் காவிரிப் பாசனத்தோடும் பிணைந்தது.

2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. தொலைவுக்குப் போகாமல், விழுந்த இடத்திலேயே மழையைப் பிடிக்கச் சொன்ன ஒரே பெரிய நடவடிக்கை அதுதான். அடுத்து வந்த நல்ல மழைகளில் கிணற்று நீர் மட்டம் உயர்ந்தது. நாளடைவில் பராமரிப்பு தளர்ந்து, பல வீடுகளில் குழாய் மட்டும் மிஞ்சியது. மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கத் தொடங்கின.

2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய நகரம், 2018இன் வடகிழக்குப் பருவமழை குறைந்ததால் 2019 கோடையில் வறண்டது. நான்கு ஏரிகளும் வற்றின. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் வழங்கிய வாரியம் அதைச் சுமார் 52 கோடியாகக் குறைத்தது. சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரும் சுத்திகரிக்கப்பட்டது. ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வந்தது. முந்தைய ஆண்டு இதே நெருக்கடியைச் சந்தித்த தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன், ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று எல்லோருக்கும் வரம்பு வைத்தது. சென்னையில் அப்படி ஒரு பொது வரம்பு இல்லை. காசு உள்ளவர்கள் தனியார் லாரி நீரை வாங்கினர், இல்லாதவர்கள் வாரிய லாரிக்காக வண்ணக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்தனர். தனியார் லாரிகள் உறிஞ்சியது புறநகர்க் கிராமங்களின் விவசாயக் கிணறுகளை. அந்தக் கிராமத்தார் இழந்த நிலத்தடி நீரை எந்தக் கணக்கும் சேர்த்துக்கொள்ளவில்லை.

மணலித் தொழிற்சாலைகள் 1990களிலிருந்தே கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தி வந்தன. 2019இல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்கு உகந்த நீராக்கும் நிலையங்கள் வந்தன. 2024இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது கடல்நீர் நிலையம் திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டருக்கான நிலையத்துக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கடல்நீர் மழையை நம்பியதன்று. ஆனால் அதைக் குடிநீராக்க மின்சாரம் பெருமளவில் தேவை. வெளியேறும் உவர்நீர் மீன்பிடிப் பகுதிகளைப் பாதிக்கும் என்பது கரையோர மீனவர்களின் குறை.