பொருள்வயிற் பிரிவும் நூறு வெள்ளிப் பங்கும்

தமிழிலக்கியம் பயில்வோர் பொருள்வயிற் பிரிவினை நன்கறிவர். தலைவன் பொருள் தேடிப் பிரிகின்றான். கார்காலம் தொடங்குமுன் மீள்வதாகச் சொல்லிச் செல்கின்றான். தலைவி இல்லிலிருந்து வழிபார்க்கின்றாள். கடல் கடந்து செல்லும் பயணம் பெண்டிரோடு நிகழ்வதில்லை என்பது தொல்காப்பியர் கூறும் மரபு. இப்பிரிவுக்கு உயிராய் நிற்பது மீட்சியே ஆகும். தேடிய பொருள் தன் ஊரில், தன் மனையில் பயன்படவேண்டும் என்பதே அத்தலைவனின் நோக்கம்.

மலாயாவிற்குப் புறப்பட்ட நம் முன்னோரும் இந்நோக்கத்தோடுதான் கப்பலேறினர். ஆயினும் பலருக்குக் கார்காலங்கள் பல கடந்தும் மீட்சி வாய்க்கவில்லை. பொருள் தேட வந்தவன் எப்பொழுது ஒரு நாட்டின் குடியாகின்றான்? அவனுடைய வெற்றியை எதனைக் கொண்டு அளப்பது? கெடா மாநிலத் தோட்டங்களின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தருகின்றது.

கங்காணி வைத்த ஏணி

கெடா 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சயாமின் மேலாண்மையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ரப்பர் விலை உயர்ந்திருந்த காலம் அது. நெல்வயல் மிகுந்த பெண்டாங்கிற்குத் தெற்கே சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் எனக் காடுகள் அழிந்து கித்தாத் தோட்டங்கள் விரிந்தன. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட, கங்காணி முறையே ஆள் சேர்க்கும் வழியாக நிலைபெற்றது. தோட்டத்துரை பணமும் உரிமச்சீட்டும் கொடுத்துக் கங்காணியை அவன் பிறந்த ஊருக்கே அனுப்புவார். அவன் உற்றார் உறவினரைத் திரட்டி, நாகப்பட்டினம் வழியாகவோ சென்னை வழியாகவோ பினாங்கில் கொண்டுவந்து இறக்குவான். ஆள் ஒன்றுக்கு நாள்தோறும் அவனுக்குத் தலைக்காசு உண்டு.

ஈண்டு ஆசிரியர்கள் ஒன்றைக் கருதவேண்டும். பழைய மரபுக்கு மாறாக இக்கடற்பயணத்தில் பெண்டிரும் உடன்வந்தனர். பெண்ணும் பால் வெட்டினாள். அவள் உழைப்புக்கும் கூலி இருந்தது. எனவே குடும்பமாக ஆள் சேர்ப்பது துரைக்கும் ஊதியம் தந்தது. இலாபம் கருதிச் செய்த இச்செயலே, அவர்கள் எண்ணாத வகையில், தமிழரை இம்மண்ணில் வேரூன்றச் செய்தது. தனியனாக வந்தவன் ஊர் திரும்பிவிடலாம். லயத்திலே பிறந்த பிள்ளைக்கோ திரும்பிச் செல்ல வேறோர் ஊர் இல்லை.

எனினும் தொடக்ககாலத் தொழிலாளியின் ஆவல் அனைத்தும் ஊரை நோக்கியே நின்றது. அடமானத்திலுள்ள நிலத்தை மீட்பது, தங்கைக்கு மணம் முடிப்பது, ஒரு காணி வாங்குவது ஆகியவையே அவன் கண்ட வெற்றிகள். அவற்றிற்கும் வருவாய் இடங்கொடுக்கவில்லை. 1928இல் ஆடவர்க்கு 50 காசும் பெண்டிர்க்கு 40 காசுமாக வகுக்கப்பட்டிருந்த நாட்கூலி, ரப்பர் விலை வீழ்ந்த 1930இல் 40 காசும் 32 காசுமாகக் குறைந்தது. அவ்வீழ்ச்சியின்போது ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மரத்தில் பால் இருந்தது; சந்தையில் விலை இல்லை. உழைப்பினால் மட்டும் ஒருவன் உயர்ந்துவிடலாம் என்னும் நம்பிக்கை அப்பொழுதே தளர்ந்தது.

தனியொருவர் உயர்வு

உயர்ந்தோரே இல்லையோ எனின், உண்டு. 1896இல் மலாயா வந்த வீராசாமி, பின்னாளில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ரப்பர் நிலங்களுக்கு உரியவரானார். அவருக்கு 1919இல் பிறந்த மகனே துன் வீ. தி. சம்பந்தன். இத்தகைய வாழ்க்கைகள் மேடைகளில் பெரிதும் பேசப்படுகின்றன. அவை போற்றத்தக்கனவே. ஆயின் ஒருவர் ஏறிய ஏணி மற்றவர்க்கும் கிட்டியதா என்று வரலாறு கேட்டாக வேண்டும். பால் வெட்டுபவன் மண்டோர் ஆகலாம்; கங்காணியும் ஆகலாம். கிராணி வேலைக்கோ ஆங்கிலம் வேண்டும். லயத்துப் பிள்ளைக்கு ஆங்கிலப் பள்ளி எட்டாத தொலைவில் இருந்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பள்ளி வந்தது, பல இடங்களில் அது ஒரு கொட்டகையாகவும், ஆசிரியர் ஒருவராகவுமே இருந்தது.

கள்ளும் கட்டுப்பாடும்

1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரின் உதவிபெற்ற குடிபெயர்வைத் தடைசெய்தது. பின்னர்ப் போர் வந்தது. சயாம் மரண இரயில் பாதை பல்லாயிரம் தமிழரை விழுங்கியது. ஊர்க்கடிதமும் பணவிடையும் நின்றுபோயின. அவ்விருளிலிருந்து மீண்ட தொழிலாளர், தம் உயர்வைத் தாமே தேடவேண்டும் என்று உணரத் தலைப்பட்டனர்.

அதன் முதல் விளைவு நம் கெடாவிலேயே தோன்றியது. பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பார் தொண்டர் படையைத் திரட்டினார். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடுவதே அதன் முதல் வேலை. மாலையில் கள்ளுக்கடையில் கரைந்த கூலி, வீட்டிற்கு வரவேண்டிய அரிசியும் பிள்ளைக்குரிய பலகையும் ஆகும் என்று பெண்டிர் அறிந்திருந்தனர். 1947இன் தொடக்கத்தில் சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் மறியலைக் காவற்படை ஒடுக்கியது, உயிரிழப்பும் நேர்ந்தது. படை கலைந்தது. ஆயினும் தனியொருவனால் இயலாததைக் கூட்டம் செய்யும் என்னும் படிப்பினை தோட்டங்களில் தங்கிவிட்டது.

நிலம் துண்டானபோது

1950களில் வேறோர் இடர் புகுந்தது. வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலை ஆராய்ந்து எழுதியுள்ளார். தோட்டம் துண்டாகும்போது வேலை போயிற்று. வேலையோடு வீடும், வீட்டோடு பள்ளியும் போயின. மூன்று தலைமுறை உழைத்தவனுக்கு நிற்கும் நிலம் தனதன்று என்பது அன்றுதான் முழுமையாகப் புலப்பட்டது.

இதற்கு விடையாக 1960இல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பங்கு ஒன்று நூறு வெள்ளி. அதனைப் பத்துப் பத்து வெள்ளியாகத் தவணையில் செலுத்தலாம். சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று தொழிலாளரிடம் பேசினார். பால் வெட்டுபவர்க்கு அது பெருந்தொகை. அதனைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அவர்கள் 1961இல் வாங்கிய முதல் தோட்டம், கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் என்பது நம் மாநிலத்திற்குப் பெருமை தருவதாகும். உற்றாரைத் திரட்டி ஆள் சேர்த்த கங்காணி முறையில் தொழிலாளி ஒரு தலைக்காசு. கூட்டுறவிலோ அவன் ஒரு பங்காளி. ஊருக்கு அனுப்பிய பணம் இங்கேயே மண்ணில் விதையாயிற்று. பொருள்வயிற் பிரிவு குடியேற்றமாக மாறிய இடம் இதுவே என்பது என் துணிபு.

இம்மாற்றத்தை உணராதோர் பட்ட துன்பமும் சிறிதன்று. குடியுரிமை பெறாதோர்க்கு வேலை அனுமதி வேண்டும் என்னும் விதி 1969இல் நடைமுறைக்கு வந்தபோது, பிறந்த நாள் முதல் இங்கேயே உழைத்தும் பத்திரம் இல்லாதார் பல்லாயிரவர் கப்பலேற நேர்ந்தது. அவர்களுட் பலர்க்கு அது மீட்சி அன்று, மற்றொரு பிரிவேயாகும்.

இன்று செய்யத்தக்கது

கூட்டுறவு எல்லாக் குறைகளையும் தீர்த்தது என்று கூறுவதற்கில்லை. பங்காளியின் பிள்ளை பால்மரத்தை விரும்பவில்லை. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனையும் வீடமைப்பும் வந்தன. கெடாவின் இளைஞர் பலர் கூலிம், சுங்கைப் பட்டாணித் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520க்குச் சற்று மேற்பட்டனவாகவே உள்ளன. தோட்டங்களில் செம்பனைக் குலை அறுப்போர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் பொருள்வயிற் பிரிந்து வந்தோர். அவர்களைக் காணும்போது நம் மாணவர்க்குப் பாட்டனார் நினைவு வரவேண்டும். ஏளனம் வருதல் ஆகாது.

வெற்றிபெற்ற ஒருவரைக் காட்டி, "இவரைப்போல் ஆகுக" என்று மாணவரிடம் கூறுவது எளிது. அவரோடு வந்த நூறுபேர் என்னாயினர் என்று கேட்கக் கற்பிப்பதே வரலாற்றாசிரியரின் கடமை. ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு முதியோரிடம் கப்பலேறிய ஊர், இறங்கிய துறை, முதற்கூலி, வாங்கிய பங்கு ஆகியவற்றைக் கேட்டு எழுதிவரட்டும். பழைய பெட்டிகளில் பங்குப் பத்திரங்கள் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றைச் சொல்லத்தக்க முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இப்பணியை இவ்வாண்டே தொடங்குவது நன்று.