பலூன்காரரைக் கண்டால் ஒதுங்கும் சித்தி

தீம் பார்க்கில் ரொம்பப் பயமான விஷயம் எது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? தலைகீழாகச் சுற்றும் ரோலர் கோஸ்டர், பேய் வீடு, உச்சியிலிருந்து 'தொப்'பென்று கீழே விடும் ராட்டினம்... என் சித்தி இதையெல்லாம் கணக்கிலேயே எடுத்துக்கொள்ள மாட்டார். அவருக்குப் பயம், வாசலில் கொத்தாகப் பலூன் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான்.

சிரிக்க வேண்டாம். சித்திக்கு லேட்டக்ஸ் அலர்ஜி. அதாவது ரப்பர் பால் ஒவ்வாமை. தும்மல், அரிப்பு என்ற அளவில் நிற்பது இல்லை. உதடு வீங்கி, தொண்டை அடைத்து, ரத்த அழுத்தம் சரிந்து ஆளையே கொண்டுபோய்விடக்கூடிய அனாபிலாக்சிஸ் வகை. கைப்பையில் அட்ரினலின் ஊசி இரண்டு எப்போதும் இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் சித்தி பிறந்தது மார்த்தாண்டம் பக்கம். வீட்டைச் சுற்றிப் பால்மரம். சிறுவயதில் மரப்பட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துச் சுற்றிப் பந்து செய்து விளையாடியவர். அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. நர்ஸிங் படித்து, 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கா போய், ஒரு நாளைக்கு இருபது முப்பது முறை கையுறை மாட்டிக் கழற்றிய பிறகுதான் வந்தது. எங்கள் தாத்தாவின் மரத்தில் வடிந்த பால் எங்கெங்கோ சுற்றி அவர் கைக்கே திரும்பி வந்து கடித்துவிட்டது என்று அம்மா சொல்வார். எப்படித்தான் சுற்றி வந்தது என்று தேடிப் படித்தபோது கிடைத்தவைதான் இனி வருபவை. நான் பி.காம். மாணவன்; மருத்துவம் எனக்கு அந்நியம், ஆனால் வியாபாரம் கொஞ்சம் புரியும். இந்தக் கதையில் இரண்டும் உண்டு.

முதல் ரப்பர் பலூன் விளையாட்டுச் சாமானே இல்லை. 1824-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே ஹைட்ரஜன் வாயுவை அடைத்து ஆராய்வதற்காகச் செய்தார். இரண்டு ரப்பர் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரங்களை அழுத்தி ஒட்டினார்; உள்பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மாவு தூவினார். அந்த மாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வில்லனாக வரப்போகிறது :) அடுத்த வருடமே தாமஸ் ஹான்காக் என்பவர் 'நீங்களே பலூன் செய்து பாருங்கள்' என்று ரப்பர் கரைசலும் ஊதும் குழலும் சேர்த்து விற்க ஆரம்பித்துவிட்டார். வெயிலில் இளகி குளிரில் வெடிக்கும் ரப்பரை கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறையை 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த பிறகு, உலகத்துக்கு ரப்பர் போதவில்லை. 1876-ல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குக் கப்பலேறியது, அடுத்த வருடம் சிங்கப்பூருக்கும் சில கன்றுகள் போயின. பிறகு மலாயா முழுக்க ரப்பர் தோட்டமானது. அந்த மரங்களைச் சீவியவர்களில் பெரும்பகுதி யார் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. விடியற்காலை இருட்டில் பால் எடுக்கப் போன தமிழர்கள்தான். அந்தக் கதைக்குத் தனியாக ஒரு பதிவு வேண்டும், இங்கே தாண்டிப் போகிறேன்.

கையுறைக் கதை இதைவிடச் சுவாரசியம். பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர். அவருடைய அறுவை அறையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸ். கிருமி நீக்க அன்று பயன்படுத்திய பாதரசக் கரைசல் அவர் கைகளைப் புண்ணாக்கியது. நல்ல நர்ஸை இழக்க மனமில்லாத (வேறு காரணமும் இருந்தது, 1890-ல் அவரையே கல்யாணம் செய்துகொண்டார்!) ஹால்ஸ்டெட், 1889-90 வாக்கில் குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய கையுறை செய்து வாங்கினார். நோயாளிக்குக் கிருமி தொற்றாமல் இருக்க என்பதெல்லாம் பிறகு கண்ட பயன். முதல் நோக்கம் ஒரு நர்ஸின் கைத்தோலைக் காப்பாற்றுவது. நூறு வருடம் கழித்து அதே கையுறை நர்ஸுகளின் தோலைத் தின்றது என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை.

இன்று நாம் பார்க்கும் பலூன் 1931-ல் வந்தது. பாஸ்டன் பக்கத்தில் நீல் டில்லட்சன் என்ற இளைஞர், அட்டையில் பூனைத்தலை வடிவம் வெட்டி, திரவ ரப்பர் பாலில் முக்கி எடுத்து, காயவைத்து உரித்தார். காதோடு பூனை பலூன்! அந்த வருட ஊர்வலத்தில் விற்றுத் தீர்ந்தது. இந்த 'முக்கி எடுக்கும்' முறைதான் பலூனுக்கும் கையுறைக்கும் பொது. டில்லட்சனின் தொழிலும் பின்னால் பலூனிலிருந்து மருத்துவக் கையுறைக்குப் போனது. ஐந்து விரல் வைத்த பலூன்தானே கையுறை!

இங்கே ஒரு நுணுக்கம். ரப்பர் என்றாலே சித்திக்கு ஆகாது என்று நினைக்கிறோம், அப்படி இல்லை. ஒவ்வாமை தருவது பாலில் இருக்கும் புரதங்கள். கார் டயர், செருப்பு அடி போன்றவற்றில் பாலை உறையவைத்து, பிழிந்து, அதிக வெப்பத்தில் அச்சில் வார்ப்பதால் வெளியே கசியும் புரதம் மிகக் குறைவு. முக்கி எடுக்கும் மெல்லிய சாமான்களில்தான் புரதம் மேலேயே நிற்கும். எனவே டயர் கடைக்குள் போவதைவிட பிறந்தநாள் விழாவுக்குப் போவது ஆபத்து. இன்னொன்று, சுவருக்கு அடிக்கும் 'லேட்டக்ஸ் பெயின்ட்'டில் பெயரில் மட்டும்தான் லேட்டக்ஸ்; அது செயற்கைச் சரக்கு, மரத்துப் பால் இல்லை.

ரப்பரால் உடம்பெல்லாம் தடிப்பு வந்ததாக ஜெர்மனியில் 1927-லேயே ஒரு குறிப்பு இருக்கிறது. அப்புறம் அரை நூற்றாண்டு பெரிய பேச்சில்லை. 1979-ல் பிரிட்டனில் ஒரு இல்லத்தரசிக்கு வீட்டு வேலைக் கையுறையால் உடனடித் தடிப்பு வந்ததை ஒரு தோல் மருத்துவர் எழுதினார். அதுவும் அபூர்வ சமாச்சாரமாகத்தான் பார்க்கப்பட்டது. பிறகு எய்ட்ஸ் வந்தது. 1987-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், எந்த நோயாளியாக இருந்தாலும் ரத்தம் படும் வேலைக்குக் கையுறை போட வேண்டும் என்று அறிவுறுத்தியது. 1991-ல் பணியிடச் சட்டமாகவே ஆனது. கையுறைத் தேவை திடீரென்று பல மடங்கு. மலேசியாவில் தடுக்கி விழுந்தால் கையுறைத் தொழிற்சாலை. அவசரத்தில் சரியாகக் கழுவாமல் புரதத்தோடு அனுப்பிய சரக்கும் இதற்கு ஒரு காரணம் என்று சொல்கிறார்கள்.

இப்போது மாவு வருகிறது. கையுறை சுலபமாக மாட்ட உள்ளே சோளமாவு தூவுவார்கள். ரப்பர் புரதம் அந்த மாவில் ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது 'டப்'பென்று இழுத்தால் மாவு காற்றில். தொடாமலேயே, அறையில் இருந்தாலே, மூச்சு வழியாக உள்ளே போய்விடும். மாவில்லாத கையுறை செய்ய முடியாதா? முடியும், குளோரினில் கழுவ வேண்டும், ஒரு கட்டம் கூடுதல், விலை கூடுதல். மருத்துவமனைகள் விலைப்பட்டியலைப் பார்த்து மலிவானதை வாங்கின. வாங்குகிறவர் கணக்கில் சேமிப்பு, போட்டுக்கொள்கிறவர் உடம்பில் செலவு. எங்கள் காஸ்டிங் பாடத்தில் இப்படிப்பட்ட செலவுக்குக் கட்டம் கிடையாது.

1990-ஐ ஒட்டிய வருடங்களில், வயிற்று எக்ஸ்ரேக்குப் பயன்படும் ரப்பர் பலூன் குழாயால் பதினைந்து பேர் அளவில் இறந்ததாகத் தகவல் வர, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1991-ல் எச்சரிக்கை வெளியிட்டது. 1997-ல் வந்த ஒரு அரசு அறிக்கை மருத்துவப் பணியாளர்களில் 8 முதல் 12 சதவீதம் பேர் ஒவ்வாமைக்கு ஆட்பட்டிருப்பதாகச் சொன்னது. சித்தி அந்த சதவீதத்தில் ஒருவர். இன்னும் பாவம், முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்து, கைக்குழந்தையிலிருந்து அறுவைக்குமேல் அறுவை செய்துகொள்ளும் குழந்தைகள். சில ஆய்வுகளில் அவர்களில் பாதிக்கு மேல். தீம் பார்க்குக்குப் போக யாரைவிடவும் ஆசைப்படும் வயது அது.

ஜெர்மனி 1998-லேயே மாவு போட்ட லேட்டக்ஸ் கையுறையை நிறுத்தியது. புதிதாக ஒவ்வாமை வருவோர் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. அமெரிக்காவில் மாவுக் கையுறைக்கு முழுத்தடை வர 2017 ஜனவரி ஆனது. சித்திக்குக் கால் நூற்றாண்டு தாமதம்.

மருத்துவமனை மாறிவிட்டது. தீம் பார்க்? 1955-ல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட், 1971-ல் ஃபுளோரிடாவில் டிஸ்னி வேர்ல்ட் திறந்தபிறகு, அந்தப் பூங்காக்களின் அடையாளமே மிக்கி காது பலூன்தான். பலூன் உடைந்தால் அதன் உள்ளே இருக்கும் தூள் காற்றில் பரவும் என்பதுதான் சித்திக்குப் பிரச்சினை. ஹாலோவீன் சமயத்துப் பேய் வீடுகளில் நடிகர்கள் போடும் முகமூடிகள் பலவும் லேட்டக்ஸ். தண்ணீர் பூங்காவில் நீச்சல் தொப்பி. முதலுதவி அறையில் பிளாஸ்திரி. எல்லாவற்றையும்விட மோசம், சாண்ட்விச் செய்பவரின் கை.

அதில்தான் மாட்டினார். சில வருடங்களுக்கு முன் மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய பூங்காவுக்குப் போனார் (பெயர் வேண்டாம்). பலூன்காரரைப் பார்த்ததும் காற்றடிக்கும் திசை பார்த்துச் சுற்றிப் போய், ரோலர் கோஸ்டரில் எல்லாம் ஏறி, மத்தியானம் ஒரு சாண்ட்விச் வாங்கினார். "லேட்டக்ஸ் கையுறையா?" என்று கேட்டதற்குக் கவுண்டரில் இருந்த பையன் "இல்லை" என்றான். அவனுக்கு வினைல் எது, லேட்டக்ஸ் எது என்று தெரியாது. இரண்டாவது கடியில் உதடு தடித்தது. சித்தி நர்ஸ் ஆயிற்றே, யோசிக்காமல் தொடையில் ஊசி போட்டுக்கொண்டு மகனிடம் "ஆம்புலன்ஸுக்குச் சொல்லு" என்றார். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. ஊசி போட்டதோடு முடிந்துவிடாது, சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம் என்பதால் ராத்திரி வரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அவன் அதற்குப் பிறகு எந்தப் பிறந்தநாளுக்கும் பலூன் கேட்டதில்லை.

அரிசோனா, ஆரிகன் போன்ற மாநிலங்கள் 2000களின் தொடக்கத்திலேயே உணவகங்களில் லேட்டக்ஸ் கையுறையைத் தடுத்துவிட்டன, கலிபோர்னியா 2020-லிருந்து. நாடு முழுக்க ஒரே சட்டம் இல்லை. 1990-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கேளிக்கைப் பூங்காக்களையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. 2008-ல் திருத்தியபோது மூச்சு விடுவதும் 'முக்கிய வாழ்க்கைச் செயல்' என்று எழுதினார்கள். ஆனால் பலூன் விற்காதே என்று அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மருத்துவச் சாதனங்களில் லேட்டக்ஸ் இருந்தால் எழுத வேண்டும் என்ற விதி 1998-ல் அமலுக்கு வந்தது, பொம்மைக்கும் பலூனுக்கும் அது செல்லாது. சாதாரணப் பொருட்களிலும் எச்சரிக்கை வேண்டும் என்று 2000-ல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம் ஒரு மனு போனது. 2004-ல் தள்ளுபடி. பலூன் பாக்கெட்டில் குழந்தை விழுங்கினால் மூச்சடைக்கும் என்ற எச்சரிக்கை கட்டாயம், ரப்பர் பால் எச்சரிக்கை கட்டாயம் இல்லை.

எனவே சித்தி இப்போது பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே பூங்காவுக்கு எழுதிவிடுகிறார். பலூன் எந்த வாசலில், சமையலறையில் எந்தக் கையுறை, பெட்டியில் என்ன பெயர் அச்சிட்டிருக்கிறது, முதலுதவி அறை எங்கே. கையுறைப் பெட்டியையே எடுத்துக் காட்டச் சொல்லிப் படித்துவிட்டுத்தான் சாப்பிடுவார். சில லேட்டக்ஸ்காரர்களைப் போல அவருக்கும் வாழைப்பழம், அவகாடோ ஆகாது, அவற்றிலும் அதே சாயல் புரதம் உண்டு. நாகர்கோவில்காரிக்கு வாழைப்பழம் ஆகாது என்றால் எவ்வளவு பெரிய தண்டனை!

அவருக்குப் பிடித்தமான பூங்கா ஒன்று இருக்கிறது. ஃபுளோரிடாவில் 1998-ல் திறந்த டிஸ்னியின் அனிமல் கிங்டம். அங்கே பலூன் விற்பதும் இல்லை, கொண்டுபோகவும் கூடாது. ஒட்டகச்சிவிங்கியோ மற்ற மிருகமோ விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக.