பால்கேயும் அவர் இல்லப் பட்டறையும்

இந்தியச் சலனப்படத்தின் தந்தை யார் என வினவுவார்க்குத் தாதாசாகேப் பால்கே என விடையிறுத்தல் வழக்கு. ஆயின், 1913ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் பம்பாய்க் கொரோனேஷன் படமாளிகையில் அவரது 'ராஜா அரிச்சந்திரா' திரையேறுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னரே, தோர்ணே என்பாரின் 'புண்டலிக்' அதே மாளிகையிற் காட்டப்பட்டது. இதனை எடுத்துக்காட்டிப் பால்கேயின் பட்டத்தை மறுப்பாரும் உளர். புண்டலிக்கோ மேடை நாடகமொன்றின் பதிவு, பிடித்தவர் ஆங்கிலேயர், சுருள் கழுவப்பட்டது இலண்டனில். இவ்வழக்கில் நாட்களை எண்ணுவதாற் பயன் சிறிது. படம் எங்கே, எவர் கையால் ஆக்கப்பட்டது என்பதன்றோ வினா? அதற்கு விடை காணப் புகுவோர், தாதரில் இருந்த ஒரு குடும்பத்தின் இல்லத்தினுள் நுழைதல் வேண்டும்.

துண்டிராஜ் கோவிந்த பால்கே 1870இல் நாசிக்கை அடுத்த திரியம்பகத்திற் பிறந்தவர். பம்பாய் ஓவியக் கல்லூரியிலும் பரோடாக் கலாபவனத்திலும் பயின்றார். நிழற்படம் பிடித்தார், தொல்பொருட்டுறையில் உத்தியோகம் பார்த்தார், அச்சுத்தொழில் நடத்தினார். எதிலும் நிலைத்தாரல்லர். 1911ஆம் ஆண்டளவிற் பம்பாயிலே கிறித்துவின் சரிதத்தைத் திரையிற் கண்டபோது, இங்ஙனமே இராமனும் கண்ணனும் என்று நடமாடுவர் என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. ஓயாது படம் பார்த்துக் கண்ணொளி மங்கிச் சின்னாள் வருந்தினார். பின்னர் ஆயுட்காப்புறுதிப் பத்திரத்தை ஈடு வைத்து 1912இல் இலண்டன் சென்று, கமராவும் சுருளுக்குத் துளையிடும் பொறியும் கொண்டு மீண்டார். மூலதனம் தருவாரை நம்பவைக்கும் பொருட்டு, பட்டாணிச் செடியொன்று முளைத்து வளர்வதை நாடோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்துக் காட்டினாராம். புராணம் பிடிக்க எண்ணியவர் தாவரநூல் ஆசிரியர்போலத் தொடங்கியது வியப்பே.

அந்நாளில் வெறுஞ்சுருள் துளையின்றியே வந்தது. இருளறையில் அதற்குத் துளையிட்டவர் அவர் மனைவியார் சரசுவதிபாய். சுருள் கழுவுதற்கு மருந்து கலந்ததும் அவரே. வெயிலொளியை நடிகர்மேற் செலுத்த வெண்டுணி ஏந்தி நின்றதும் அவரே. அறுபது எழுபது பேருக்கு அன்னம் சமைத்ததும், தம் அணிகலன்களைத் தொழிலுக்கு ஈந்ததும் அவரே. உரோகிதனாக நடித்தவன் மூத்த மகன். மனைவியின் பங்கைச் சரித்திரம் எழுதினோர் 'உதவி' எனச் சுருங்கக் கூறிப் போவர். அது நேரிதன்று, அவர் இன்றேல் அப்படம் இல்லை.

பெண்வேடம் பூணக் கணிகையரும் உடன்பட்டிலர். ஈற்றில், உணவுச்சாலை ஒன்றிற் பணிபுரிந்த சாளுங்கே என்னும் இளைஞனே தாராமதி ஆனான். நம் நாட்டு இசைநாடக மேடையிலும் சந்திரமதி வேடத்தில் ஆடவரைக் கண்டு பழகிய எமக்கு இது புதிதன்று. 1917இல் வெளிவந்த 'இலங்காதகன'த்தில் இராமனும் சீதையும் அச்சாளுங்கே ஒருவனே! அப்படத்திற்குச் சென்னையில் வசூலான நாணயங்களைக் காவலர் துணையுடன் மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்றனர் என்பர்.

இவ்வெற்றியே வினையாயிற்று. 1918இற் பம்பாய் வணிகர் சிலர் கூட்டுச் சேர, 'இந்துஸ்தான் சினிமாப் படக் கம்பனி' தோன்றியது. அதுவரை நாசிக்கில் நடிகரும் தொழிலாளரும் ஒரு குடும்பம்போல் வாழ்ந்தனர். ஒரு காட்சி மனத்திற்கு இசையாவிடின் எத்துணை முறையும் மீளப் பிடிப்பார் பால்கே. பங்காளருக்கோ கணக்கு வேண்டும், திகதி வேண்டும். அவர்களை முற்றாகக் குறைகூறல் ஆகாது. முதலீடு செய்தோர் கணக்குக் கேட்பது முறையே. ஆயினும் வீட்டுப் பட்டறையிற் பயின்ற கை, கம்பனி முறைக்கு இணங்கவில்லை. மகள் மந்தாகினி கண்ணனாக நடித்த 'காளிய மர்த்தனம்' 1919இல் வெளிவந்தது. அதன் பின்னர் முரண்பாடு முற்றிக் காசிக்குச் சென்று நாடகம் எழுதியிருந்தார். சில ஆண்டுகளில் மீண்டாரெனினும், உரிமையாளராகவன்றிச் சம்பளம் பெறும் உத்தியோகத்தராகவே மீண்டார்.

பேசும் படம் வந்து அவர் வீழ்ந்தார் எனப் பலரும் எழுதுவர். 'ஆலம் ஆரா' வெளிவந்தது 1931இல். பால்கேயின் தொழில் அதற்குப் பத்தாண்டு முன்னரே அவர் கையைவிட்டு அகன்றது. ஆதலின் இக்கூற்றை யாம் ஏற்கிலோம். 1932இல் மௌனப்படமாக ஆக்கிய 'சேதுபந்தன'த்திற்குப் பின்னர் ஒலி சேர்க்க நேர்ந்தது. கோலாப்பூரில் 1937இல் எடுத்த 'கங்காவதரணம்' ஒன்றே அவர் இயக்கிய பேசும் படம்.

1944ஆம் ஆண்டு பெப்ரவரி 16இல் நாசிக்கில் வறுமையில் மறைந்தார். 1969 முதல் இந்திய அரசு அவர் பெயரால் விருது வழங்கி வருகின்றது. 'ராஜா அரிச்சந்திரா'வில் எஞ்சியவை சில சுருள்களே. அவையும் 1917இல் அவர் மீண்டும் எடுத்த படத்தினவாகலாம் என ஆய்வாளர் சிலர் கருதுவர்.