பிள்ளை பெருத்துடும்னு பயந்த காலம்

பிள்ளைத்தாச்சி நிறைய தின்னா பிள்ளை பெருத்துடும், பெரிய உயிருக்கு ஆபத்து. எங்க அப்பாயி காலத்துல கிராமத்துல இதுதான் சட்டம். ஏழு மாசம் ஆச்சுன்னா சோத்தைக் குறைப்பாங்க. பட்டணத்து நண்பர்கள் உடனே மூடநம்பிக்கைன்னு சொல்லிடுவீங்க. கொஞ்சம் பொறுங்க.

அப்ப வீட்டுல மருத்துவச்சி கையாலதான் பிரசவம். பிள்ளை தலை இறங்கலைன்னா மாட்டுவண்டி கட்டி டவுனுக்குப் போகணும். வழியிலயே முடிஞ்சுபோன கதை ஊருக்கு ஊர் உண்டு. அதனால பிள்ளை சின்னதா இருந்தாப் போதும்னு நினைச்சாங்க. பயத்துல போட்ட கணக்கு அது.

படிச்ச டாக்டரும் இதே கணக்கைப் போட்டிருக்கார். 1889ல ஜெர்மனியில லுட்விக் புரோகோவ்னிக்னு ஒருத்தர், இடுப்பெலும்பு குறுகின பெண்களுக்குக் கடைசி வாரங்கள்ல மாவுச்சத்தையும் தண்ணியையும் குறைச்சுச் சாப்பாடு கொடுத்தார். சிசேரியன் அப்ப உயிருக்கே ஆபத்தான வேலை. அமெரிக்காவுல 1960கள் வரைக்கும், எடை ஏறினா பிரஷர் வந்து வலிப்பு வரும்னு பயந்து, மொத்தமே 7 கிலோவுக்கு மேல ஏறக்கூடாதுன்னு பல டாக்டர்கள் கட்டுப்படுத்தினாங்க. எடை ஏறாத தாய்க்குப் பிள்ளை எடை குறைஞ்சு பிறக்குது, அப்படிப் பிறக்குற பிள்ளைகள்தான் அதிகம் சாகுதுன்னு தெரிஞ்ச பிறகு, 1970ல 9லேருந்து 11 கிலோ வரை ஏறலாம்னு மாத்தினாங்க.

அப்பாயி கணக்குல விட்டுப்போனது நடவு. எட்டு மாச வயித்தோட குனிஞ்சு நாத்து நட்டவங்களுக்குச் சோத்தையும் குறைச்சா உடம்புல என்ன மிஞ்சும்? 1980ல தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்து கர்ப்பிணிகளுக்கும் சத்துமாவு கொடுத்தது அதுக்காகத்தான்.

இப்ப நடவுக்கு மெஷின், அரைக்க கிரைண்டர், அரிசி ரேஷன்ல. உடம்பு வேலை போச்சு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுப் பெண்கள் 100க்கு 40 பேர் எடை கூடினவங்க. ஆனா "ரெண்டு உயிருக்குச் சாப்பிடு"ங்கிற பேச்சு மட்டும் ஓயலை.

எங்க மருமகளுக்கும் அதுதான் நடந்தது. முழுகாம இருந்தப்பவே 68 கிலோ. உயரத்துக்கு அது கூடுதல். என் சம்சாரம் நெய்யும் முந்திரியுமா ஊட்டினா. ஆறாம் மாசத்துக்குள்ள 9 கிலோ ஏறிப்போச்சு. 2009ல அமெரிக்காவுல திருத்தின அளவுப்படி, ஒல்லியா இருக்கிறவங்க 12.5லேருந்து 18 கிலோ, சரியான எடைக்காரங்க 11.5லேருந்து 16, எடை கூடினவங்க 7லேருந்து 11.5, ரொம்பப் பெருத்தவங்க 5லேருந்து 9 கிலோதான் ஏறலாம். பத்து மாசத்துக்கு உள்ளதை இவ ஆறு மாசத்துலயே எட்டிட்டா.

ஆரம்ப சுகாதார நிலையத்துல 75 கிராம் குளுக்கோஸைக் கரைச்சுக் குடிக்க வச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தாங்க. டாக்டர் சேஷய்யா முயற்சியால நம்ம மாநிலத்துல எல்லா கர்ப்பிணிக்கும் வந்த சோதனை இது. 140ஐத் தாண்டினா கர்ப்பகாலச் சர்க்கரை. இவளுக்கு 152. கவனிக்காம விட்டா பிள்ளை நிஜமாவே பெருத்துடும்னு நர்சம்மா சொன்னாங்க. அப்பாயி சொன்ன அதே வார்த்தை! ஆனா பட்டினி கிடக்கச் சொல்லலை. சோத்தைக் கொஞ்சம் குறைச்சு, பயறு, கீரை, முட்டையைக் கூட்டி, சாப்பிட்டதும் நடக்கச் சொன்னாங்க. சாயங்காலம் வாய்க்கால் கரையில நானும் கூட நடக்கிறேன். ரெண்டு வாரமா சர்க்கரை அளவுக்குள்ள நிக்குது.

அடுத்த வாரம் வளைகாப்பு. ஏழு வகைச் சோறும் உண்டு. இலையில ஒவ்வொண்ணும் ஒரு கரண்டிக்கு மேல விழக்கூடாதுன்னு சம்சாரமே சொல்லிட்டா.