கல் விழும் வண்டி

'எவ்வளவு ஓடியிருக்கு?'

பழைய கார் வாங்கப் போகிறவர் வாயிலிருந்து வருகிற முதல் கேள்வி இதுதான். காரைக்காலாக இருந்தாலும் சரி, கலிபோர்னியாவாக இருந்தாலும் சரி. விற்கிறவரும் பதிலைத் தயாராக வைத்திருப்பார். 'எழுபதுதான் சார்... டாக்டர் வண்டி!' (விற்பனைக்கு வரும் பழைய கார்களில் முக்கால்வாசி டாக்டர்களுடையதுதான் போலிருக்கிறது!)

இந்தக் கேள்விக்கு வயது இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல். கி.மு. முதல் நூற்றாண்டில் விட்ருவியஸ் என்கிற ரோமானியக் கட்டடக் கலைஞர் ஒரு வண்டியைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அதன் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் பன்னிரண்டரை அடி. 400 சுற்றுக்கு 5,000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். அந்த நானூறாவது சுற்றில் ஒரு பல்சக்கரம் நகர்ந்து, மேலே இருக்கும் கூழாங்கல் ஒன்று கீழே உள்ள வெண்கலப் பாத்திரத்தில் 'டங்' என்று விழும். ஊர் போய்ச் சேர்ந்ததும் கல்லை எண்ணினால் எத்தனை மைல் என்று தெரிந்துவிடும். நம் காரில் இருக்கிற ஓடோமீட்டரின் கொள்ளுத் தாத்தா இதுதான்.

நமக்கு உடனே என்ன தோன்றுகிறது? இரண்டு கல்லை எடுத்து வெளியே போட்டுவிட்டால் தூரம் குறைந்துவிடுமே! அதேதான். கல் போய், எண் உருளை வந்து, இப்போது சிப்பு வந்துவிட்டது. குறைக்கிற ஆசை மட்டும் போகவில்லை. முன்பு கம்பியை விட்டு உருளையைத் திருப்பினார்கள். இப்போது கருவியை மாட்டி எண்ணை மாற்றி எழுதுகிறார்கள்.

'லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சா? அப்ப வேணாம்' என்கிறோமே, அந்த லட்சம் எங்கிருந்து வந்தது? பழைய கார்கள் பலவற்றின் மீட்டரில் ஐந்தே இலக்கம்தான். 99,999-க்கு அடுத்து மீண்டும் சுழியம். அதனால் லட்சம் என்பது ஒரு சாவு மணி மாதிரி மனசில் பதிந்துவிட்டது என்பது என் ஊகம். இன்ஜினுக்கு அந்த எண் தெரியாது.

மீட்டர் இல்லாத காலத்தில் நம் டெல்டாவில் என்ன செய்தார்கள்? மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டு பல் போட்டதா, நான்கா, எட்டும் முளைத்துக் கடை சேர்ந்துவிட்டதா என்று பார்த்தால் வயசு தெரியும். வயசோடு விடமாட்டார்கள். சுழி பார்ப்பார்கள், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார்கள், நடக்க விட்டுப் பார்ப்பார்கள், கழுத்தில் நுகத்தடித் தழும்பு எவ்வளவு என்று தடவிப் பார்ப்பார்கள். அதன்பிறகுதான் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது. பல் என்பது மீட்டர். தழும்பு என்பது சர்வீஸ் புத்தகம். நம் தாத்தாக்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாம் மீட்டரை மட்டும் பார்க்கிறோம்.

இந்த விஷயத்துக்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

ஜார்ஜ் அகெர்லாஃப் என்கிற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் 1967-ல் ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் சந்தையைப் பற்றி. விற்கிறவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. எனவே வாங்குகிறவன் எல்லா வண்டிக்கும் சேர்த்து ஒரு சராசரி விலைதான் சொல்வான். நல்ல வண்டி வைத்திருப்பவன், 'இந்த விலைக்கா? போய்யா!' என்று சந்தையை விட்டே விலகிவிடுவான். மிஞ்சுவது சொத்தை மட்டும். இவ்வளவுதான் கட்டுரை.

அனுப்பிவிட்டு அவர் இந்தியாவுக்கு வந்தார், டெல்லியில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஒரு வருஷம் வேலை. அங்கே இருக்கும்போதுதான் முதல் பத்திரிகை 'இது ரொம்பச் சாதாரண விஷயம்' என்று திருப்பி அனுப்பியது. மொத்தம் மூன்று பத்திரிகைகள் நிராகரித்தன. நான்காவது, 1970-ல் வெளியிட்டது. 2001-ல் நோபல்! அந்தக் கட்டுரையில் நம்மூர்ப் பெண்களும் வருகிறார்கள். கடை அரிசியில் வேண்டுமென்றே கலந்த, அதே நிறமும் அதே வடிவமும் கொண்ட கல்லை உட்கார்ந்து பொறுக்குகிற பெண்கள். பழைய காரும் கல் கலந்த அரிசியும் ஒரே கணக்குதான் என்று அவருக்குப் புரிந்திருந்தது. முறம் பிடித்த கைகளுக்கு அது எப்போதோ தெரியும்.

சரி, காரைக்காலுக்கு வருவோம். இங்கே கார் விலையில் ஒரு வினோதமான சமாச்சாரம் இருக்கிறது. அது 1739-ல் ஆரம்பிக்கிறது.

தஞ்சை மராட்டிய சிம்மாசனத்துக்கு அடிபிடி நடந்தபோது, பதவி இழந்து நின்ற சாகுஜி, பாண்டிச்சேரி கவர்னர் துய்மாவிடம் உதவி கேட்டு, பதிலுக்குக் காரைக்காலைத் தருவதாகச் சொன்னார். சிம்மாசனம் திரும்பக் கிடைத்ததும் பேச்சு மாறிவிட்டார். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு 'வண்டியை விக்கிற ஐடியா இல்லை' என்கிற ஓனர் மாதிரி! கடைசியில் சந்தா சாகிபின் தயவில்தான் 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தாலும் அந்தப் பழைய எல்லைக்கோடு அழியவில்லை. நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவே புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் துண்டு நிலம். வண்டிப் பதிவு எண் பி.ஒய்-02.

அந்த எண்ணில் சாலை வரி குறைவு. புதுசாக ஒரு பெரிய கார் எடுத்தால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லட்சக்கணக்கில் வித்தியாசம். (இதற்காகவே வெளி மாநிலத்துக்காரர்கள் புதுச்சேரி முகவரி காட்டிச் சொகுசுக் கார் பதிந்ததாக 2017-ல் கேரளாவில் பெரிய ரகளை நடந்தது.) ஆனால் அதே காரைப் பழசாகத் தமிழ்நாட்டுக்காரர் வாங்கினால்? பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதுப் பதிவு எண் வாங்கவேண்டும், இந்த மாநில வரியும் கட்டவேண்டும். எனவே காரைக்கால் ஆள் சொல்லும் விலையோடு இதையும் கூட்டாமல் 'சீப்பா கிடைக்குது' என்று குதிக்கக் கூடாது. 1739-ல் போட்ட கோடு இன்னும் பில்லில் வருகிறது!

இன்னொன்று. காரைக்கால் வண்டியின் மீட்டர் சட்டென்று ஏறும். தலைமைச் செயலகம் புதுச்சேரியில். போக ஏறக்குறைய 130 கிலோமீட்டர், வர இன்னொரு 130. சென்னை என்றால் 300. எல்லாம் நெடுஞ்சாலை ஓட்டம். இன்ஜின் சூடேறி, ஒரே சீராக ஓடுவது அதற்கு நல்லது. பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று தினம் நான்கு கிலோமீட்டர் ஓடி, சூடாவதற்குள் அணைக்கப்பட்ட வண்டிதான் சீக்கிரம் கெடும். எனவே ஒன்றரை லட்சம் ஓடிய காரைக்கால் வண்டி, நாற்பதாயிரம் ஓடிய டவுன் வண்டியைவிட மேலாக இருக்க வாய்ப்பு உண்டு. அதிக ஓட்டம் என்பது குற்றமல்ல. நியூயார்க் பக்கம் இர்வ் கார்டன் என்கிற பள்ளி ஆசிரியர் 1966-ல் வாங்கிய வால்வோ காரை 2013-ல் முப்பது லட்சம் மைல் தொடவைத்தார். அவர் செய்த மந்திரம், நேரத்துக்கு ஆயில் மாற்றியது.

நம் ஊரில் எஸ்டேட் காருக்கு மவுசே கிடையாது. பின்னால் நீண்ட கூரையைப் பார்த்ததும் ஆம்புலன்ஸ் ஞாபகம், அல்லது அதைவிட மோசமான வண்டியின் ஞாபகம்! சென்னை ஸ்டாண்டர்ட் கம்பெனி ஹெரால்டில் ஒன்று செய்தது, 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது, பிறகு ஆக்டேவியா காம்பி. எதுவும் சந்தையில் நிலைக்கவில்லை. ஐரோப்பாவிலோ அந்த உடம்புக்குள் பந்தயக் குதிரையை ஒளித்து வைத்தார்கள். 1994-ல் பிரிட்டிஷ் கார் பந்தயத்துக்கு வால்வோ 850 எஸ்டேட்டையே அனுப்பியது. ஒரு தடவை பின்னால் பெரிய பொம்மை நாயை வைத்து அணிவகுப்பில் ஓட்டி, கேலி செய்தவர்களையே கேலி செய்தார்கள். ஜெயிக்கவில்லை, ஆனால் பேர் வந்தது. அதே 1994-ல் போர்ஷே உதவியுடன் ஆடி தயாரித்த ஆர்.எஸ்.2-க்கு 315 குதிரைச் சக்தி. அந்தப் பரம்பரையில் வந்த ஆர்.எஸ்.6 அவான்ட் 2015-ல் இந்தியாவுக்கும் வந்தது. 560 குதிரை, ஷோரூம் விலை 1 கோடியே 35 லட்சம்.

இந்த மாதிரி ஒன்று நிறைய ஓடி, பாதிக்கும் குறைவான விலையில் எதிரே நிற்கிறது என்று வையுங்கள். வெளிநாட்டில் சம்பாதித்த காசு கையில் இருக்கிறது. என்ன விலை சொல்வீர்கள்?

வண்டியின் விலை பாதியாகும். உதிரி பாகத்தின் விலை பாதியாகாது. பிரேக் டிஸ்க், டர்போ எல்லாம் இன்னமும் கோடி ரூபாய்க் காருக்கு உரிய விலைதான். அந்த வி8 இன்ஜினில் டர்போவுக்கு ஆயில் போகிற பாதையில் ஒரு சின்ன வலை உண்டு. அது அடைத்தால் டர்போ காலி. அதை மாற்றிய பில் இருக்கிறதா? நீண்ட கால ஆயில் மாற்று இடைவெளியை நம்பினாரா, அல்லது முன்கூட்டியே மாற்றினாரா? பில் கட்டு கனமாக இருந்தால் கூடுதலாகக் கொடுக்கலாம். 'பில்லெல்லாம் எங்க சார் வச்சிருக்கோம்' என்றால், செய்யாத வேலை எல்லாவற்றையும் நீங்களே செய்வதாக வைத்துக் கழித்துவிடுங்கள்.

பெடல் ரப்பரையும் ஓட்டுநர் சீட்டின் ஓரத்தையும் பாருங்கள். மீட்டர் நாற்பதாயிரம் சொல்லி, ரப்பர் வழுவழு என்று தேய்ந்திருந்தால் கூழாங்கல்லை யாரோ எடுத்திருக்கிறார்கள். கடற்கரை ஊர் என்பதால் வண்டியைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். உப்புக் காற்று மேலே பாலிஷைத் தொடாது, கீழே பைப்பைத் தின்னும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்கள் எங்கெங்கோ போய் விலையானது ஞாபகம் இருக்கட்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் போதும், சேற்றுக் கறை அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

காலையில் போங்கள். 'ஸ்டார்ட் பண்ணி வைங்க, வர்றோம்' என்று மட்டும் போனில் சொல்லிவிடாதீர்கள். பானெட்டில் கை வைத்துப் பார்த்து, குளிர்ந்திருந்தால் பின்னால் ஒருவரை நிற்க வைத்து நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை வருகிறதா என்று அவர் பார்க்கட்டும். பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தரங்கம்பாடி வரை போய்த் திரும்புங்கள், பாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு.