இசையை விட்டு விண்ணை நாடியவர்

வயிற்றுக்கு ஒரு தொழில், மனத்துக்கு ஒரு தொழில் என இரண்டையும் சுமந்து வாழ்வோர் நம்மிடையே பலர். வாரமெல்லாம் வங்கியில் கணக்குப் பார்த்துவிட்டு ஞாயிறு திருப்பலிக்குப் பாடற்குழுவை நடத்துபவரையும், பள்ளியில் பாடம் கற்பித்துவிட்டுப் பங்கு நாடகத்துக்குத் திரை வரைபவரையும் அறியாதார் யார்? இவர்களுள் சிலருக்கேனும், மனம் விரும்பியதையே பிழைப்பாக்கிக்கொண்டால் என்ன என்னும் எண்ணம் என்றேனும் எழாமற் போகாது. எழுந்தபின் அது எளிதில் உறங்குவதுமில்லை. இவ்வெண்ணத்தைச் செயலாக்கியவர்களுள் வில்லியம் ஹெர்ஷலின் வரலாறு பலமுறை சொல்லப்பட்டது. எனினும், அதில் சொல்லாமல் விடப்படும் பகுதியே நம் சிந்தனைக்கு உரியது என்று கருதுகிறோம்.

1738ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹனோவர் நகரில், இராணுவ இசைக்குழுவினர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் ஹெர்ஷல். தாமும் அதே குழுவில் ஓபோ என்னும் குழல் வாசித்தார். 1757இல் போர்ச் சூழலிலிருந்து விலகி இங்கிலாந்து சென்றார். பல ஊர்களில் இசை எழுதியும் கற்பித்தும் காலந்தள்ளியபின், 1766இல் பாத் நகரின் எண்கோணச் சிற்றாலயத்தில் ஆர்கன் வாசிப்பவராக அமர்ந்தார். செல்வர்கள் நீராடவும் பொழுதுபோக்கவும் வந்து கூடும் ஊர் அது. ஆலய இசை, கச்சேரிகள், மாணாக்கர் எனப் பல வழிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 பவுன் வரை வருவாய் வந்தது. அக்காலத்தில் அது நல்ல வருவாய். சிம்பொனிகள் மட்டும் 24 இயற்றியவர் அவர். இசையில் தோற்றவர் வேறு துறைக்கு ஓடினார் என்று எவரும் எண்ணிவிடலாகாது.

விண்ணை நோக்கி அவரைத் திருப்பியதும் இசைதான் என்பது விந்தை. இசையின் இலக்கணத்தை அறிய இராபர்ட் ஸ்மித் எழுதிய நூலைப் படித்தவர், அதே ஆசிரியரின் ஒளியியல் நூலையும் தேடிப் படித்தார். 1773இல் தொலைநோக்கிக்கான ஆடிகளைத் தாமே செய்யத் தொடங்கினார். அவை கண்ணாடியால் ஆனவை அல்ல. செம்பும் வெள்ளீயமும் கலந்து உருக்கி வார்த்த உலோகத் தட்டுகள். நம் ஆலய மணியின் உலோகத்துக்கு நெருங்கிய உறவு எனலாம். வார்த்ததை மணிக்கணக்கில் தேய்த்து மெருகேற்ற வேண்டும். ஒருமுறை 16 மணி நேரம் ஆடியிலிருந்து கையெடுக்காமல் அவர் தேய்த்துக்கொண்டிருக்க, தங்கை கரோலின் உணவை வாயில் ஊட்டினார். 1781 ஆகஸ்டில் வீட்டின் கீழ்த்தளத்தில் பேராடி ஒன்றை வார்த்தபோது, உருகிய உலோகம் ஒழுகித் தரையில் பாவிய கற்களில் பட, அவை வெடித்துச் சிதறின; நின்றவர்கள் ஓடித் தப்பினர். பொழுதுபோக்கு என்னும் சொல் இதற்குப் போதுமா என்று நமக்கு ஐயம் எழுகிறது.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1781 மார்ச் 13ஆம் நாள் இரவில், தாம் செய்த 7 அடித் தொலைநோக்கி வழியே புள்ளியாக அன்றி வட்டாகத் தெரிந்த ஓர் ஒளியைக் கண்டார். வால்மீன் என்றே எண்ணினார். பிறர் கணக்கிட்டபோது அது சனிக்கும் அப்பால் சுழலும் கோள் எனத் தெளிவாயிற்று. பழங்காலத்திலிருந்து அறியப்பட்டிருந்த கோள்களின் வரிசையில் முதன்முதலாகப் புதிது ஒன்று சேர்ந்தது. அதுவே யுரேனஸ். அவ்வாண்டே அரச கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கித் தன் உறுப்பினராகவும் ஏற்றது. கண்டவரோ அந்நாள்வரை இசையாசிரியர். மறுநாள் காலையிலும் மாணாக்கருக்குப் பாடம் சொல்ல வேண்டியவர்.

1782இல் மூன்றாம் ஜார்ஜ் அரசர் அவரை அழைத்தார். கிரீனிச்சு வானாய்வகத்தின் கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் ஹெர்ஷலின் தொலைநோக்கியே சிறந்ததெனத் தெரிந்தது. அரசர் ஆண்டுக்கு 200 பவுன் தர முன்வந்தார். வின்ட்சர் அரண்மனைக்கு அருகே குடியேற வேண்டும். அரச குடும்பத்தார் விரும்பும்போது விண்ணைக் காட்ட வேண்டும். பாத் நகரில் ஈட்டியதில் இது ஏறத்தாழப் பாதி. ஹெர்ஷல் ஏற்றார். நண்பர் வில்லியம் வாட்சன் ஒருவருக்கு மட்டுமே தொகையைச் சொன்னாராம். ஓர் அரசருக்கு இத்தனை மலிவாகப் பெருமை கிடைத்ததில்லை என்று அவர் வியந்தார். பிறர் கேட்டால், அரசர் உதவியிருக்கிறார் என்பதோடு பேச்சு முடிந்தது. அவ்வாண்டுப் பெந்தகோஸ்து ஞாயிறன்று பாத் நகரின் புனித மார்கரெட் சிற்றாலயத்தில் அண்ணன் வாசிக்க, தங்கை பாடினார். அவர்கள் இருவரும் இசைத்தொழிலாகச் செய்த கடைசி நிகழ்ச்சி அது.

இதனை ஒரே பாய்ச்சலில் நிகழ்ந்த துணிவாகச் சித்திரிப்போர் உண்டு. நாம் அவ்வாறு காணவில்லை. முதல் ஆடிக்கும் அரசரின் அழைப்புக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் ஓடின. அவ்வாண்டுகளில் இசை, வீட்டுக்குச் சோறிட்டதுடன் உலோகத்துக்கும் விலை கொடுத்தது. பெருங்கண்டுபிடிப்பும், குறைவேயானாலும் நிலையான வருவாயும் கைக்கு வந்த பின்னரே அவர் பழையதை விட்டார். கூடவே வாழ்ந்த தம்பி அலெக்சாந்தரும் கைத்திறம் மிக்கவரே. ஆடி வேலைக்கு உதவியவரே. அவர் பாத்திலேயே தங்கி, இசையே தொழிலாக மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவர் கோழையென எவரும் சொல்லவில்லை.

1782 ஆகஸ்டு முதல் நாள் டாட்செட் என்னும் சிற்றூரில், புல் மண்டிய பாழ்வீட்டில் குடியேறினர். விலைவாசி கண்டு கலங்கிய தங்கையிடம், முட்டையும் பன்றியிறைச்சியும் உண்டு மலிவாக வாழலாம் என்றார் ஹெர்ஷல். வேலை மாறியதும் இரவுகள் முழுவதும் தமக்காகும் என்று அவர் நம்பியிருக்கக்கூடும். மாறாக, மாலைகளில் தொலைநோக்கியை அரண்மனைக்குச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. விருந்தினர் வந்தால் உபசரிக்க வேண்டியிருந்தது. 200 பவுன் போதாமையால், முன்பு தமக்காக மட்டும் தேய்த்த ஆடிகளை விற்பனைக்கும் தேய்த்தார். இசை மாணாக்கர் போய்த் தொலைநோக்கி வாங்குவோர் வந்தனர். 1786இல் அரசரின் அன்பளிப்பாகிய தொலைநோக்கியைக் கொண்டுபோய்ச் சேர்க்க அவர் ஜெர்மனி சென்றிருந்தபோதுதான், ஸ்லவ் என்னும் ஊரில் தனித்திருந்த கரோலின் ஆகஸ்டு முதல் நாள் தம் முதல் வால்மீனைக் கண்டார்.

இத்தனைக்கும் இடையில் ஹெர்ஷல் செய்த பணி மலைக்க வைப்பது. விண்புகையும் விண்மீன் கூட்டமுமாக 2,500 பொருள்களைப் பட்டியலிட்டார். அரசரின் 4,000 பவுன் கொடையால் 40 அடித் தொலைநோக்கியை 1789இல் முடித்தார். அது கையாள அரிதாயிருந்ததால் பழைய 20 அடிக் கருவியையே பெரிதும் நாடினார் என்பது வேறு. பாத் நகரில் பாடம் சொல்லிக்கொண்டே இவ்வளவும் செய்திருக்க இயலாது. ஆயினும் அவருடைய பணக்கவலை தீர்ந்தது அரசரின் ஊதியத்தால் மட்டுமன்று. 1788இல் செல்வமுள்ள கைம்பெண் ஒருவரை மணந்ததும் அதற்குக் காரணம். தம் விருப்பத்தையே நம்பி இறங்குவோருக்கு இச்செய்தியையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இனி, கரோலின். 1772இல் அண்ணன் அழைக்க இங்கிலாந்து வந்தவர் அவர், பாடுவதற்காகவே வந்தவர். பயிற்சி பெற்று, ஹாண்டலின் 'மெசையா'வில் முதன்மைப் பாடகியாகப் பாடும் நிலைக்கு உயர்ந்தார். பர்மிங்ஹாமில் பாட அழைப்பு வந்தபோது, அண்ணன் நடத்தும் கச்சேரியில் மட்டுமே பாடுவேன் என்று மறுத்தார். அந்த அண்ணன் இசையை விட்டபோது தங்கையின் தொழிலும் உடன் முடிந்தது. வானியலில் துணையாளாகத் தம்மைப் பழக்கப்போகிறார்கள் என்பதை டாட்செட்டில்தான் அறிந்தார் என அவருடைய நினைவுக் குறிப்புகளால் அறிகிறோம். அண்ணன் ஏணிமேல் நின்று கூவ, அவர் கடிகாரத்தின் முன் அமர்ந்து எழுதினார். 1783ஆம் ஆண்டின் கடைசி இரவில், பனியில் ஓடியபோது இருப்புக் கொக்கி ஒன்று தொடையில் பாய்ந்தது. அன்றிரவு பிறகு மேகம் மூடியதால் அண்ணனின் வேலை கெடவில்லை என்பதே அவருக்கு ஆறுதலாயிருந்தது.

ஒருவர் தம் விருப்பத்தைத் தொழிலாக்கும்போது, வீட்டிலுள்ள மற்றொருவரின் விருப்பம் எங்கே போகிறது என்னும் வினாவை நாம் கேட்பதே அரிது. கரோலின் தம் புதிய பணியில் பின்னர்ப் புகழும் பெற்றார். 1828இல் வானியல் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. எட்டு வால்மீன்கள் அவர் பெயரால் சொல்லப்படுகின்றன. இருப்பினும் 1782இல் எவரும் அவரைக் கேட்கவில்லை.

1787இல் அரசர் அவருக்கும் ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் வகுத்தார். அவ்வாண்டு அக்டோபரில் முதல் தவணையாக 12 பவுன் 10 ஷில்லிங் வந்தது. அப்போது அவருக்கு வயது 37. தம் விருப்பம்போலச் செலவிட உரிமையுண்டு என்று வாழ்நாளில் முதன்முதலாகத் தாம் கருதிய பணம் அதுவே என அவர் எழுதிவைத்தார்.